சின்னச் செள்ளு, பெரிய காய்ச்சல்

பூச்சிக்கடி என்றால் தோட்டத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கொசு கடிக்கும், அட்டை ஏறும், எறும்பு பிடுங்கும், குளவி கொட்டும். இதற்கெல்லாம் பயந்தால் வேலைக்காட்டில் கால் வைக்க முடியுமா என்று கேட்பவர்கள்தான் அதிகம். "என்னண்ணே, ஒரு உண்ணி கடிச்சதுக்குப் போயி கிளினிக்குக்குப் போகச் சொல்றீங்களா? மண்டோர் சிரிப்பாரு" என்று நம்மிடமே சொன்னவர்கள் உண்டு. மண்டோர் சிரிக்கட்டும். ஆனால் சிரிப்பதற்கு இல்லாத ஒரு சங்கதி இதில் இருக்கிறது.

செம்பனைக் காட்டுக்குள் புல்லிலும் சருகிலும் வாழும் ஊசிமுனை அளவுள்ள ஒரு பூச்சி கடிக்கிறது. கடித்தது தெரிவதில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் வருகிறது. அது என்ன காய்ச்சல் என்று தெரியாமலேயே பனடோல் விழுங்கிவிட்டு ஒருவர் பெரட்டுக்குப் போகிறார். இரண்டாவது வாரம் மூச்சுத் திணறி, கண் மஞ்சளாகி, நினைவு தடுமாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. சில வெள்ளி விலையுள்ள மாத்திரையால் முதல் வாரத்திலேயே தீர்ந்திருக்க வேண்டிய காரியம் இது. குளுவாங், ரெங்கம், கூலாய், கோத்தா திங்கி, சிகாமட், லாபிஸ் என்று ஜொகூர் முழுவதும் செம்பனைக்குள்ளேயே பிழைப்பு நடத்தும் நம் மக்களுக்கு இதைச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நாம் எல்லாவற்றையும் 'உண்ணி' என்று ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். மாட்டின் காதிலும் மடியிலும் ஆமணக்கு விதை போலத் தொங்குவது உண்ணி. நாயின் விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்ணி. காட்டோரத்துத் தோட்டங்களில் காட்டுப்பன்றி உதிர்த்துவிட்டுப் போவதும் உண்ணிதான். மலாய்க்காரர்கள் இதைச் செங்கெனிட் என்பார்கள். இவை கண்ணுக்குத் தெரியும்; கையில் பிடிக்கலாம்.

இன்னொன்று செள்ளு. மலாயில் துங்காவ். இதன் குஞ்சு ஒரு மில்லிமீட்டரில் நாலில் ஒரு பங்குகூட இருக்காது. சிவப்பும் ஆரஞ்சும் கலந்த நிறம். புல் நுனியிலோ சருகின் ஓரத்திலோ கூட்டமாகக் காத்திருந்து, எலியோ மனிதனோ உரசிக்கொண்டு போனால் தொற்றி ஏறிக்கொள்ளும். ஆளைக் கொல்லக்கூடிய காய்ச்சலைக் கொண்டுவருவது நம் நாட்டில் பெரும்பாலும் இந்தச் செள்ளுதான். தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் அந்தக் காய்ச்சலை 'உண்ணிக் காய்ச்சல்' என்றே எழுதுகின்றன. டாக்டர்கள் 'ஸ்க்ரப் டைபஸ்' என்கிறார்கள். ஸ்க்ரப் என்றால் புதர். நாம் புதர்க்காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். எங்கே பிடிக்கிறது என்பது பெயரிலேயே இருக்கட்டும்.

இந்தச் செள்ளு இரத்தம் குடிப்பதில்லை. உடம்பில் ஏறியதும் துணி இறுக்கமாக இருக்கும் இடத்தைத் தேடிப் போகிறது. இடுப்புப் பட்டை, கைலி முடிச்சு, அக்குள், தொடை இடுக்கு, முழங்காலின் பின்பக்கம், பெண்களுக்கு மார்பின் அடிப்பகுதி ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். அங்கே தோலைக் கரைத்து அந்தச் சாற்றை உறிஞ்சிக்கொண்டு இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டுத் தானாக விழுந்துவிடும். வலி கிடையாது. அதன் வாயிலிருக்கும் கிருமி அந்தச் சமயத்தில் நம் உடம்புக்குள் போய்விடுகிறது. தாய்ச் செள்ளிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கும் இந்தக் கிருமி போகிறது. அதனால்தான் ஒரே தோட்டத்தில் ஒரே மூலையில் ஆண்டுக்கணக்காக நோய் தங்கிவிடுகிறது. பக்கத்துக் காட்டில் ஒன்றும் இருக்காது. இந்தக் காட்டில் வேலை செய்தவர்கள் மட்டும் வரிசையாகப் படுப்பார்கள். "அந்தக் காடு ஆகாத காடு, அங்க காத்து இருக்கு" என்று பெரியவர்கள் சொல்லிவைத்ததில் பாதி உண்மை இருந்திருக்கிறது. இருந்தது காற்றல்ல, செள்ளு.

கடிபட்டபின் பெரும்பாலும் ஆறு நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் தொடங்கும். குளிரும் நடுக்கமும், மண்டையைப் பிளக்கும் தலைவலி, கண் சிவப்பு, உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி, வறட்டு இருமல், கழுத்திலோ அக்குளிலோ கவட்டிலோ நெறி கட்டுதல் ஆகியவை அறிகுறிகள். சிலருக்குக் காது மந்தமாகும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு வரும், சுற்றிலும் சிவந்திருக்கும், வலிக்காது, அரிக்காது. இதைக் கண்டால் டாக்டருக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பொருக்கு எல்லோருக்கும் வருவதில்லை. வந்தாலும் நம் கறுத்த மேனியில், அதுவும் மறைவான இடத்தில், கண்ணில் படாமல் போகும். நம் பெண்கள் கூச்சத்தினால் அந்த இடத்தைக் காட்டவும் மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். தாய்மார்களே, இந்தக் கூச்சம் உயிருக்கு உலை வைக்கக்கூடியது. நர்சம்மாவிடமாவது சொல்லுங்கள்.

இந்த நோய் நமக்குப் புதியதா? இல்லை. நம் முன்னோர் காடழித்துத் தோட்டம் போட்ட நாளிலிருந்தே கூடவே வந்த நோய் இது. 1900-ல் தொடங்கப்பட்ட கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பிளெட்சர், லெஸ்லர் என்ற இரு டாக்டர்கள் 1920-களில் இதைப் பிரித்துக் காட்டினார்கள். பட்டணத்துக் கடைகளில் இருப்பவர்களுக்கு வரும் டைபஸ் ஒன்று, அது எலியின் தெள்ளுப்பூச்சியால் வருவது. காட்டிலும் தோட்டத்திலும் வேலை செய்பவர்களுக்கு வரும் டைபஸ் வேறொன்று. அவர்களுக்குப் பிறகு லூத்வெயிட் என்ற வெள்ளைக்கார டாக்டரும் சாவூர் என்ற இந்திய டாக்டரும் பல ஆண்டுகள் உழைத்து, ஜப்பானில் ஆற்றங்கரை விவசாயிகளைக் கொன்றுவந்த காய்ச்சலும் மலாயாத் தோட்டக் காய்ச்சலும் ஒன்றே என்று நிலைநாட்டினார்கள்.

கண்டுபிடித்தும் என்ன பயன், மருந்து இல்லையே! மருந்து இல்லாத அந்தக் காலத்தில் சில இடங்களில் பத்துப் பேருக்கு வந்தால் மூன்று பேர்கூடச் செத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மாவிலும் நியூகினியிலும் ஆயிரக்கணக்கான படைவீரர்கள் இதில் படுத்தபோதுதான் பெரிய நாடுகளுக்குக் கண் திறந்தது. வீரர்களின் சட்டையிலும் காற்சட்டையிலும் செள்ளைக் கொல்லும் திரவத்தைத் தேய்த்து அனுப்பினார்கள். சிப்பாய்க்கு உடனே தோன்றிய யோசனை, அதற்கு இருபது ஆண்டுக்கு முன்பே படுத்துக்கொண்டிருந்த கூலிக்காரனுக்காக யாருக்கும் தோன்றவில்லை. அது அந்தக் காலத்து நியாயம்.

மருந்து கடைசியில் நம் மண்ணில்தான் நிரூபணமாயிற்று. 1948-ல் அமெரிக்காவிலிருந்து டாக்டர் ஜோசப் ஸ்மேடல் தலைமையில் வந்த குழு, லூத்வெயிட், சாவூர் ஆகியோரோடு சேர்ந்து கோலாலம்பூரில் குளோரம்பெனிக்கால் என்ற புது மருந்தைப் புதர்க்காய்ச்சல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. வாரக்கணக்கில் எரிந்த காய்ச்சல் இரண்டு நாளில் இறங்கியது. இதில் ஒரு வேடிக்கை. புதர்க்காய்ச்சல் என்று நினைத்துச் சேர்த்தவர்களில் சிலருக்கு இருந்தது டைபாய்டு. அவர்களும் தேறிவிட்டார்கள். அதுவரை மருந்தே இல்லாத டைபாய்டுக்கும் இப்படித் தற்செயலாக இங்கேதான் வழி பிறந்தது. உலகத்துக்கே உபகாரமான ஒரு மருந்து சோதிக்கப்பட்ட நாட்டில், தோட்டக் கிளினிக்கில் அந்த நோயின் பெயரைச் சொன்னால் "அப்படின்னா?" என்று கேட்கும் நிலை வரலாமா?

இன்னொரு கணக்கையும் நம் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1984-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி இது. மலேசியக் கிராமப்புறத்தில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த 1,629 பேரைச் சோதித்தார்கள். எல்லா நோய்களிலும் முதல் இடம் புதர்க்காய்ச்சலுக்கு, நூற்றுக்கு 19.3. டைபாய்டு வகை 7.4, மலேரியா 6.2தான். அதே கணக்கில் செம்பனைத் தோட்டத் தொழிலாளர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் நூற்றுக்கு 46.8. அதாவது காய்ச்சலோடு வந்த செம்பனைத் தொழிலாளர்களில் ஏறக்குறைய இரண்டு பேரில் ஒருவருக்குப் புதர்க்காய்ச்சல். அந்த ஆராய்ச்சியில் பங்கு பெற்றவர்களில் ஒருவர் டாக்டர் எம். ஜெகதீசன். ஆமாம், 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் ஓடி வாங்கினாரே, அவரேதான். ஓட்டத்தில் பெயர் வாங்கியவர் பிறகு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் உட்கார்ந்து நம் காய்ச்சலையும் ஆராய்ந்தார் என்பது பலருக்குத் தெரியாது.

அது நாற்பது ஆண்டுக்கு முந்திய கணக்கு. இன்றைய கணக்கும் அதுவேதான் என்று நாம் சொல்லவில்லை. காடுகள் மாறியிருக்கின்றன, மருந்தடிப்பு மாறியிருக்கிறது, வேலை செய்பவர்களும் மாறியிருக்கிறார்கள். ஆனால் எலி இருக்கிறது, வெட்டிப்போட்ட மட்டை அடுக்கு இருக்கிறது, லாலாங் இருக்கிறது, செள்ளும் இருக்கிறது.

இப்போது நடப்பது என்ன? காய்ச்சல் என்று போனால் டெங்கிச் சோதனை. நல்லதுதான், டெங்கியும் கொல்லக்கூடியது. ஆனால் "டெங்கி இல்லை" என்று சீட்டு வந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. பனடோல், ஓய்வு, வீட்டுக்குப் போ. டெங்கி இல்லையென்றால் வேறு என்ன என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர் நாமே. ஐந்து நாள் ஆகியும் காய்ச்சல் விடவில்லை, டெங்கி இல்லை என்றாகிவிட்டது என்றால் திரும்பப் போங்கள். என்ன வேலை, எங்கே வேலை என்பதைச் சொல்லுங்கள். நம்மில் பலர் டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் கேட்டதற்குத் தலையாட்டுவதோடு சரி. பெரிய விளக்கம் தேவையில்லை, மலாயில் ஒரு வரி போதும்: "சாயா கெர்ஜா டி லாடாங் சாவிட், முங்கின் துங்காவ் கிகிட்." செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன், செள்ளு கடித்திருக்கலாம் என்று அர்த்தம். உடம்பில் பொருக்கு ஏதாவது இருந்தால் காட்டுங்கள். எலிச் சிறுநீரால் வரும் லெப்டோ காய்ச்சலும் தோட்டத்தில் உண்டு. சாக்கடை, வாய்க்காலில் இறங்கி வேலை செய்திருந்தால் அதையும் சொல்லிவையுங்கள்.

இன்று இந்த நோய்க்குப் பெரும்பாலும் டாக்சிசைக்ளின் என்ற மாத்திரையைக் கொடுக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். பென்சிலின் வகை மருந்துகள் இதற்குச் சுத்தமாக வேலை செய்யாது. சரியான மருந்து சரியான நேரத்தில் போனால் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். காலங்கடந்து நுரையீரலையும் மூளையையும் பிடித்துவிட்டால் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும். அப்படி முற்றியவர்களுக்கு இந்த இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பதே மேல் என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை முன்னின்று இந்தியாவில் நடத்திய ஆராய்ச்சி 2023-ல் காட்டியது. தடுப்பூசி இன்னும் கிடையாது. ஒரு முறை வந்தால் மறுபடி வராது என்பதும் கிடையாது. ஆனால் டாக்டர் சொல்லாமல் மருந்துக் கடையில் நீங்களாக வாங்கி விழுங்க வேண்டாம். காய்ச்சலின் பெயர் தெரியாமல் மருந்து தின்பதும், பெயர் தெரியாமல் மந்திரிப்பதும் ஒன்றுதான்.

சரி, கடிபடாமல் எப்படித் தப்புவது? உட்காரும் இடத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். காலையிலிருந்து குலை வெட்டிவிட்டு, பசியாற நேரம் வந்ததும் நாம் எங்கே உட்காருகிறோம்? மரத்தடியில், மட்டை அடுக்கின் மேல், நிழலாக இருக்கும் புல்லில். எலி குடியிருப்பதும் அங்கேதான், செள்ளு காத்திருப்பதும் அங்கேதான். வெயில் படும் மண்சாலை ஓரமோ, லோரிப் பாதையோ பரவாயில்லை. ஒரு பிளாஸ்டிக் விரிப்போ உரச் சாக்கோ எடுத்துப் போய் விரித்து உட்காருங்கள். அதே சாக்கை மறுநாளும் சுருட்டி இடுப்பில் செருகிக்கொள்ளாமல் வெயிலில் உதறிக் காயப் போடுங்கள். சட்டையையும் துண்டையும் கழற்றிப் புதர் மேல் போடும் பழக்கம் நம் ஆண்களிடம் இருக்கிறது. அதைவிடச் செள்ளுக்கு நல்ல அழைப்பு வேறு இல்லை.

காலில் பூட்ஸ். உள்ளே காலுறை, காற்சட்டையின் நுனி காலுறைக்குள். சட்டை காற்சட்டைக்குள். பார்ப்பதற்குப் பழைய போலீஸ்காரர் மாதிரி இருக்கும்தான், இருந்துவிட்டுப் போகட்டும். சிலிப்பர் மாட்டிக்கொண்டு கைலியை மடித்துக் கட்டிப் பழம் பொறுக்கப் போகும் அக்காமார்கள் இன்னும் இருக்கிறார்கள். மருந்தடிக்கிறவர்களைவிட, புல் வெட்டுகிறவர்களைவிட, குனிந்து உட்கார்ந்து உதிர்ந்த பழம் பொறுக்குபவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம் என்பது நம் கருத்து. தரையோடு தரையாக வேலை செய்பவர்கள் அவர்கள்.

தோலில் தடவும் பூச்சி விரட்டிகளில் 'டீட்' கலந்தது என்று அட்டையில் போட்டிருப்பதை வாங்குங்கள். வியர்வையில் கரைந்துவிடும், மத்தியானத்தில் மறுபடி தடவ வேண்டும். செரை எண்ணெய் நல்ல வாசம், ஆனால் சீக்கிரம் போய்விடும். துணியில் தெளிக்க பெர்மெத்ரின் என்ற மருந்து உண்டு. துணிக்கும் பூட்ஸுக்கும் மட்டும், தோலில் படக்கூடாது, காய்ந்த பிறகுதான் உடுத்த வேண்டும். வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் அது ஈரமாக இருக்கும்போது பூனையைப் பக்கத்தில் விடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.

செலவே இல்லாத ஒன்று குளியல். செள்ளு ஏறியவுடன் கடிப்பதில்லை, இடம் தேடி அலையும். வேலை முடிந்து வந்தவுடன், தேத்தண்ணிக்கும் முன்னால், சோப்புப் போட்டு அழுத்தித் தேய்த்துக் குளித்தால் பெரும்பாலானவை போய்விடும். வேலைத் துணியைக் கட்டில் மேல் போடாமல் நேரே சுடுதண்ணீரில் நனையுங்கள். குளிக்கும்போதே அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு எல்லாம் ஒரு முறை தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். புருஷன் முதுகை மனைவியும், மனைவி முதுகைப் புருஷனும் பார்ப்பதில் குற்றமில்லை.

உண்ணி ஒட்டிக்கொண்டிருந்தால் எடுக்கும் முறை தனி. பழைய ஆட்கள் சிகரெட் நெருப்பால் சுடுவார்கள், மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள், சுண்ணாம்பும் புகையிலையும் வைப்பார்கள். இவை எல்லாமே தப்பு. சூடு பட்ட உண்ணி தன் வயிற்றில் உள்ளதைக் கடிவாய்க்குள் கக்கும். நோய் இருந்தால் அதோடு சேர்ந்து உள்ளே போகும். மெல்லிய சாமணத்தால் தோலை ஒட்டி அதன் தலைப் பக்கம் பிடித்து, திருகாமல், நசுக்காமல், நிதானமாக நேரே இழுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எடுத்த தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் அந்தத் தேதி டாக்டருக்கு உதவும். காதுக்குள் உண்ணி புகுந்து குடைவதும் நம் நாட்டில் நடக்கிறது. கோழி இறகையும் நெருப்புக் குச்சியையும் விட்டுத் துழாவினால் காதுச் சவ்வு கிழியும். நேரே கிளினிக்குக்குப் போங்கள்.

உண்ணியைப் பற்றி வீண் பீதி வேண்டாம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கர்நாடக மாநிலம் ஷிமோகா பக்கம் கியாசனூர் காட்டில் 1957-ல் குரங்குகள் செத்து விழ, அதே உண்ணி கடித்து மனிதர்களும் செத்தார்கள். குரங்குக் காய்ச்சல் என்று பெயர். இன்றும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது, கேரளத்து வயநாடுவரை வந்திருக்கிறது. நம் நாட்டில் 1956-ல் உலு லங்காட் காட்டு எலியின் உண்ணியிலிருந்து ஒரு வைரஸைக் கண்டெடுத்தார்கள். ஆனால் அது கியாசனூர் மாதிரி ஊரையே படுக்கவைத்ததில்லை. மாட்டில் இருக்கும் உண்ணி மனிதனை அநேகமாகக் கடிப்பதில்லை. அது மாட்டைத்தான் உருக்கும். மாடு வைத்திருப்பவர்கள் கொட்டகையைக் காயவைத்து, உண்ணியைக் கையால் பிடுங்கி மண்ணில் எறியாமல் கொதிநீரில் போடுங்கள். எறிந்தால் ஒன்று ஆயிரக்கணக்கில் முட்டை இடும். நாய்களும் அப்படியே. வீட்டுச் சுவரில் உண்ணி ஏறுகிறதென்றால் நாயோடு சேர்த்து வீட்டுக்கும் மருந்து அடிக்க வேண்டும்.

காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகும் தம்பிமார்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. பன்றி செத்து உடம்பு குளிர்ந்ததும் அதன் மேல் இருந்த உண்ணிகள் இறங்கி வேறு சூடான உடம்பைத் தேடும். பக்கத்தில் இருக்கும் சூடான உடம்பு தூக்கிக்கொண்டு வருபவருடையதுதான். வெறும் உடம்போடு தோளில் போட்டுக்கொண்டு வராதீர்கள். துரியான் பருவத்தில் இராத்திரி மரத்தடியில் படுத்துக் காவல் காக்கும் பையன்களுக்குத் தரையில் பாய் போதாது, கட்டில் வேண்டும்.

எலியைப் பற்றி ஒரு வார்த்தை. எலி குறைந்தால் நாளடைவில் செள்ளும் குறையும். எலியைப் பிடிக்கக் கூகைகளுக்குப் பெட்டி வைக்கிறார்கள் அல்லவா? இந்தப் பறவை தீபகற்ப மலேசியாவில் கூடு கட்டியது முதன்முதலாகப் பதிவானது 1960-களின் இறுதியில் நம் ஜொகூர்ச் செம்பனைத் தோட்டத்தில்தான். கூகை கத்தினால் சாவு வரும் என்று கல்லால் அடிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது எலிக்குத்தான் சாவு. அடிக்காதீர்கள்.

தொழிலாளி செய்ய வேண்டியதை இவ்வளவு தூரம் சொல்லிவிட்டு நிர்வாகம் செய்ய வேண்டியதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994-ன் 26-ம் பிரிவின்படி, பாதுகாப்புக்காகச் சட்டப்படி கொடுக்கும் பொருளுக்கு முதலாளி தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது. பூட்ஸ் அதில் அடக்கம் என்பதுதான் நம் வாதம். எங்காவது பூட்ஸுக்கும் கையுறைக்கும் சம்பளத்தில் பிடித்தால் சம்பளச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு சங்கத்திடம் போங்கள். காண்ட்ராக்ட் ஆள் என்பதால் பூட்ஸ் கிடையாது என்ற பேச்சை ஒப்புக்கொள்ள முடியாது. செள்ளு, கடிப்பதற்கு முன்னால் செக்ரோல் பார்ப்பதில்லை.

டைபஸ், 1988-ம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தின்படி சுகாதார இலாகாவுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய். ஒரு தோட்டத்தில் ஒருவருக்கு வந்தது உறுதியானால் அதிகாரிகள் வந்து பார்க்க வேண்டும், எந்தக் காட்டில் வேலை செய்தார் என்று கேட்க வேண்டும். வேலையால் வந்த நோய் என்று நிரூபணமானால் பெர்கேசோவில் கேட்க வழி இருக்கிறது. 2019 ஜனவரி முதல் அந்நியத் தொழிலாளர்களும் பெர்கேசோவின் வேலையிட விபத்துத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். பக்கத்து லயத்தில் இருக்கும் இந்தோனேசியருக்கும் வங்காளதேசிக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்கள் செலவுக்குப் பயந்து கிளினிக்குப் பக்கம் போவதே இல்லை. நாம் ஒரு வெள்ளியில் அரசாங்கக் கிளினிக்கில் பார்ப்பதை அவர்களால் அந்த ஒரு வெள்ளியில் பார்க்க முடியாது.

தோட்டத்துக்கு டிரெசர் என்று ஒருவர் இருந்த காலம் ஒன்று இருந்தது. திட்டுவார், எம்.சி. கொடுக்க மாட்டார், ஆனால் எந்தக் காட்டில் எத்தனை பேர் காய்ச்சலில் படுத்தார்கள் என்பது அவர் மனப்பாடமாக இருக்கும். தோட்டங்கள் கைமாறி, ஆஸ்பத்திரிகள் மூடப்பட்டு, ஆட்கள் குறைந்து அந்தக் கணக்கு பல இடங்களில் இன்று யாரிடமும் இல்லை. டிரெசர் இன்னும் இருக்கும் தோட்டங்களில் அவரிடம் ஒரே ஒரு விஷயம் கேளுங்கள்: "ஐயா, புதர்க்காய்ச்சலுக்கு மருந்து நம்ம கிளினிக்குல இருக்குதுங்களா?" இல்லையென்று சொன்னால் அடுத்த தடவை டாக்டர் வரும்போது கேட்டுவாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

நாமும் ஒரு கணக்கு எடுக்க விரும்புகிறோம். உங்கள் தோட்டத்தில் இந்த ஆண்டு டெங்கி அல்லாத காய்ச்சலில் எத்தனை பேர் ஒரு வாரத்துக்கு மேல் படுத்தார்கள், எந்தக் காட்டில் வேலை செய்தவர்கள், ஆஸ்பத்திரியில் என்ன நோய் என்று சொன்னார்கள், பூட்ஸ் நிர்வாகம் கொடுத்ததா அல்லது நீங்கள் வாங்கினீர்களா என்று ஒரு தாளில் எழுதி இந்தப் பகுதிக்கு அனுப்பிவையுங்கள். எழுத வராதவர்கள் பள்ளிக்குப் போகும் பிள்ளையை எழுதச் சொல்லலாம். அனுப்புகிறவர் பெயரை வெளியிட மாட்டோம்.